எண்ணெய்க்கரைச் சேலை

— கதவைத் திறங்க. நான்தான்.

— ...

— உள்ள இருக்கீங்கன்னு தெரியும். கீழ மேனேஜர்கிட்ட கேட்டுட்டுத்தான் ஏறி வந்தேன்.

— ...ஜெயாவா?

— ஆமா. உங்க பொண்டாட்டி ஜெயபாரதியேதான். கோடம்பாக்கம் லாட்ஜுல உங்களைத் தேடி வேற யாரு வரப்போறா?

— இரு... சட்டை போட்டுக்கறேன்.

— சட்டை இல்லாம நான் பாத்ததே இல்ல பாருங்க.

— சரி, உள்ள வா. மெல்லப் பேசு, செவுரு ரொம்ப மெல்லிசு.

— பக்கத்து ரூம்ல யாரோ அழறாங்களே.

— ஒத்திகை. சினிமா சான்ஸுக்கு வந்திருக்கிறவர். காலைல அழுவார், சாயங்காலமானா சிரிப்பார்.

— ரெண்டையும் கேட்டுக்கிட்டு இங்க உக்காந்திருக்கீங்களா... இப்ப நீங்க எங்க இருக்கணும், ஞாபகம் இருக்கா?

— டில்லி ரயில்ல.

— சென்ட்ரல்ல நம்ம ஜவுளிக்கடை கணக்கப்பிள்ளை மாலையோட நிக்கிறாரு. வெளிய அப்பாவோட கார் நிக்குது. எண்ணெய் கண்டுபிடிச்ச மாப்பிள்ளை இறங்குற இடத்துல போட்டோ எடுக்க ஸ்டுடியோ ஆளு வேற.

— யார் சொன்னா, நான் இங்க இருக்கேன்னு?

— கரீமுல்லா பாய்.

— பெயிண்டரா?

— அவரேதான். நம்ம கடைக்குப் போர்டு எழுதுவாரு, இந்தப் பக்கம் வந்து சினிமா பேனரும் எழுதுவாரு. டீக்கடைல உங்களுக்கு வணக்கம் சொன்னாராம், நீங்க மூஞ்சியைத் திருப்பிக்கிட்டீங்களாம். மனுஷன் கவலைப்பட்டுக் கேக்கிறாரு, "பாப்பா, சாருக்கு நம்ம மேல இன்னா கோவம்"னு.

— அவர்மேல எனக்கென்ன கோவம்...

— எப்ப வந்தீங்க மெட்ராஸுக்கு?

— போன வாரம்.

— போன வாரமா? ரயில் பாதையைத் தாண்டினா தி.நகர். வீட்டுக்கு வர ஒரு வாரம் ஆகுமா?

— தாண்ட முடியல.

— ஏன், கேட்டு மூடியிருந்துச்சா?

— கேலி பண்ணாத ஜெயா.

— கேலி பண்ணாம வேற என்ன செய்ய? அழுறதுக்குத்தான் பக்கத்து ரூம்ல ஆளு வெச்சிருக்கீங்களே. என்னங்க... நிமிந்து என்னைப் பாருங்க. தாடியெல்லாம் வளந்து கிடக்கு. சாப்பிடுறீங்களா இல்லையா?

— சாப்பிடுறேன். அது... இந்தச் சேலை புதுசா?

— இப்பவாவது கண்ணுல பட்டுச்சே. நல்லாப் பாருங்க.

— களிமண் கலரு.

— கரையைப் பாருங்க, கரையை.

— மணல் மாதிரி மஞ்சள்... நடுவுல ஒரு கறுப்புக் கோடு.

— அதுதான் எண்ணெயாம்.

— எது?

— அந்தக் கறுப்புக் கோடு. அப்பா காஞ்சிபுரத்துக்கே போய், தறி பக்கத்துல உக்காந்து சொல்லிச் சொல்லி நெய்ய வெச்சது. பேரு எண்ணெய்க்கரைச் சேலை. இன்னைக்குச் சாயங்காலம் கடைல பொங்கல் விற்பனை ஆரம்பம். முதல் சேலை உங்க கையால.

— யாருக்கு?

— உங்க பெரிய ஆபீசர் சம்சாரத்துக்கு.

— என்ன சொல்ற நீ? அவருக்கு யாரு அழைப்பு வெச்சது?

— அப்பாதான். ராஜா அண்ணாமலைபுரத்துல அவரு வீட்டுக்கே பழத்தட்டோட போனாரு. ஆபீசர் இல்லையாம். அந்தம்மா, "அவரு டூர்லேருந்து வந்ததும் கூட்டிட்டு வர்றேன்"னு சொன்னாங்களாம். பேப்பர்காரங்களையும் கூப்பிட்டிருக்கு.

— போச்சு. என் வேலை போச்சு ஜெயா.

— ஏன், எண்ணெய் கண்டுபிடிச்சா வேலை போயிடுமா?

— எண்ணெய் இருக்குன்னு சொல்ல வேண்டியது எண்ணெய் தேடுற எங்க ஆபீஸ். அதுக்கு மேல சர்க்கார். நான் இல்ல, என் மாமனார் இல்ல, உஸ்மான் ரோட்டு ஜவுளிக்கடை போர்டு இல்ல. பெட்ரோல் விலை ஏறி, மண்ணெண்ணெய்க்கு ஊரே வரிசைல நிக்கிற நேரத்துல... பேப்பர்ல வந்துச்சுன்னா யார் சொன்னான்னு கேப்பாங்க. அதுவும்...

— அதுவும்?

— அதுவும் இல்லாத எண்ணெய்க்கு.

— இல்லாத எண்ணெயா?

— பாலைவனத்துல தோண்டின கிணறு வறண்டுபோச்சு ஜெயா. மூடிட்டு வந்துட்டோம்.

— எப்ப?

— மார்கழி பொறக்கிறதுக்கு முன்னாடியே.

— அதுக்கப்புறம் எனக்கு ரெண்டு தடவை எழுதினீங்களே. குளிர் ஜாஸ்தி, ரொட்டி தொண்டைல இறங்கல, அவ்வளவுதான் இருந்துச்சு.

— அதெல்லாம் உண்மைதான். குளிர் ஜாஸ்திதான். கோவப்படு. ஏதாவது சொல்லு.

— மணல் இல்லையா அங்க? நீங்க சொன்ன ஏரிக்கரை மணல்?

— இருந்துச்சு. நான் கோடு போட்ட இடத்துலயே இருந்துச்சு. அதுதான் வேதனை.

— ஆயுதபூஜையன்னிக்கு நம்ம கடைல, துணி வெட்டுற மேசைல சாக்கட்டியால படம் போட்டீங்களே... எனக்கு இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு. "மாமா, இன்னைக்குப் பாலைவனம், ஒரு காலத்துல ஏரி. தண்ணி உள்ள வரும், வெளிய போக வழி கிடையாது. வெயில்ல வத்தி வத்தி உப்பேரியாச்சு"ன்னீங்க.

— ஆமா... "நடு ஏரில சேறுதான் படியும். ஓரத்துல அலை அடிச்சு அடிச்சு சேத்தை அலசிவிட்டு, சுத்தமா மணலை மட்டும் விட்டுட்டுப் போகும்."

— "எண்ணெய் உண்டாகுறது சேத்துல. வந்து தங்குறது ஓர மணல்ல. ஏன்னா மணல்லதான் இண்டு இடுக்கு இருக்கு."

— எல்லாம் ஞாபகம் வெச்சிருக்க.

— அப்பாவுக்கும்தான். "அட, சேலைக்கும் அதானய்யா மாப்ள, உடம்புல என்ன இருக்கு, கரைக்குத்தான மதிப்பு"ன்னு மேசையைத் தட்டினாரே. கல்யாணமாகி மூணு வருஷத்துல அன்னிக்குத்தான் உங்க முன்னாடி அப்பா எந்திரிச்சு நின்னாரு.

— அதுவரைக்கும் உங்கப்பா வாய்ல நான் பெட்ரோல் பங்க்குக்காரன்தானே.

— அது... சொந்தக்காரங்களுக்குப் புரியணுமேன்னு சொன்னது.

— சொந்தக்காரங்க என்ன கேப்பாங்க தெரியுமா? "எந்த முக்குல இருக்கு தம்பி உங்க பங்க்கு, நம்ம அம்பாசடருக்கு அங்கயே போட்டுக்கிடுதோம்"னு. உங்கப்பா பக்கத்துல இருந்து சிரிப்பாரு. இல்லைன்னு ஒரு வார்த்தை வராது. தங்கபுஷ்பம் புருஷன் வந்தா மட்டும் நகைக்கடை முதலாளின்னு நாற்காலியைத் துடைச்சுப் போடுவாரு.

— என் தங்கச்சியை ஏன் இழுக்கிறீங்க... விடுங்க. மணல் இருந்துச்சுங்கிறீங்க. அப்புறம் என்னதான் ஆச்சு?

— உப்பு.

— உப்பா?

— ஏரி வத்துறப்போ உப்புத்தண்ணி ஓர மணல்ல இறங்கி, இண்டு இடுக்கெல்லாம் உப்பாவே உறைஞ்சுபோச்சு. எண்ணெய் வந்திருந்தாலும் தங்க இடம் இல்ல.

— அது முதல்லயே தெரியாதா? குழியிலேருந்து பாறையை வெட்டி எடுத்துப் பாப்பீங்கன்னு சொல்வீங்களே.

— எடுத்தோம். உருளை உருளையா எடுத்தோம். எடுத்து... கழுவினோம்.

— சரி.

— நல்ல தண்ணில கழுவினோம் ஜெயா.

— கழுவினா என்ன, சுத்தமா... இருங்க இருங்க. உப்பு கரைஞ்சுடுமே.

— கரைஞ்சுடுச்சு. கழுவி, காயவெச்சு, துளை எவ்வளவுன்னு அளந்தா பஞ்சு மாதிரி இருக்கு. ஆகா, இந்த மாதிரி மணல் எங்கயுமே இல்லைன்னு குதிச்சேன். துளையை உண்டாக்கினதே நான்தான்.

— கஞ்சி போட்ட மல் துணியை அலசிட்டு, நெசவு இவ்வளவு தளர்வாங்கிற மாதிரி.

— அதேதான். உனக்கு உடனே புரிஞ்சுடுச்சு பாரு. எனக்கு... உப்பேரி, உப்பேரின்னு ஊரெல்லாம் சொன்னது நான். உப்பு இருக்கும்னு தோணாம போனதும் நான்தான்.

— வேற யாருக்கும் தோணலையா?

— கழுவச் சொன்னது நான். கூட இருந்தவங்க சொன்னதைச் செஞ்சாங்க. அந்த அளவை நம்பி மேற்கொண்டு செலவு பண்ணினாங்க. கிணத்தைத் திறந்துவிட்டா கொஞ்சம் உப்புத்தண்ணி கசிஞ்சுது. அப்புறம் அதுவும் நின்னுபோச்சு. அங்க இருந்த ஆபீசர் ஒண்ணும் திட்டல. "லீவு எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டு வாங்க"ன்னாரு. அந்த மரியாதைதான் தாங்கல.

— திட்டியிருந்தா நேரா வீட்டுக்கே வந்திருப்பீங்களோ என்னவோ.

— வந்தேன். வந்த அன்னிக்கே பாண்டி பஜார் வரைக்கும் வந்தேன். நம்ம தெரு மிட்டாய்க்கடைக்காரர் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. "தம்பி, நாடே உங்களை நம்பி இருக்கு"ன்னு முழு லட்டை வாய்ல திணிச்சாரு. துப்பவும் முடியல, முழுங்கவும் முடியல. அப்படியே திரும்பி நடந்தேன். இங்க வந்துதான் நின்னேன்.

— யாரோ கதவு தட்டுறாங்க.

— பாப்பா... நான்தான் கரீமுல்லா. வண்டிக்காரன் ஒரே பேஜாரு பண்ணிக்கினு கீறான். எம்மா நேரம் நிப்பேன்னு கேக்கிறான். போர்டை எடுத்துகினு கடையாண்ட போயிடட்டுமா?

— உள்ள வாங்க பாய். எந்தப் போர்டு?

— இன்னா பாப்பா, மறந்துட்டியா. கடை வாசல்ல மாட்டறதுதான். கீழ வண்டில கீது. அட, வணக்கம் சார். அன்னிக்கு டீக்கடைல கூப்ட்டேன், நீ கண்டுக்கவே இல்ல.

— தப்பா நினைச்சுக்காதீங்க பாய். அன்னிக்கு மனசு சரியில்ல.

— அட, அத்த வுடு சார். உன் பேரைத்தான் ஆளு உசரத்துக்கு எழுதிக்கீறேன். சண்முகவேல்னு. பெரியவரு ஒரு தபா வாயால சொன்னாரு, நான் அப்டியே புடிச்சிக்கினேன். "பாலைவனத்தில் எண்ணெய் கண்ட எங்கள் மாப்பிள்ளை சண்முகவேல் நினைவாக"ன்னு...

— நினைவாகவா? செத்துப்போனவங்களுக்கு இல்ல பாய் அப்படி எழுதுவாங்க.

— பெரியவரு அப்டித்தான் சொன்னாரு பாப்பா. அதுக்குக் கீழ பெருசா செவப்புல எண்ணெய்க் கறைச் சேலை. தோ, ஜன்னல்லேருந்து பாரு, தெரியுது.

— எங்க... ஏங்க, இங்க வந்து பாருங்க.

— பாத்துட்டேன்.

— பாய், எந்த ற போட்டிருக்கீங்க?

— இன்னாம்மா, ரெண்டு இருக்குதா?

— இது வல்லின ற. இதைப் போட்டா அழுக்குன்னு அர்த்தம். எண்ணெய் கொட்டி அழுக்கான சேலை. ஜவுளிக்கடை வாசல்ல...

— அடடா... ரெண்டும் ஒரே மாதிரிதானே பேசறோம். பெரியவரு ஷேப் சொல்லலியே. பெயிண்ட்டு இன்னும் ஈரமாத்தான் கீது, இப்பவே அழிச்சுடறேன்.

— வேண்டாம் பாய்.

— இன்னா சார் சிரிக்கிறே?

— நீங்க எழுதினது சரிதான். பாறைல எண்ணெய் பட்ட தடம் மட்டும் இருந்தா அதுக்கு எங்க ஆளுங்க ஷோன்னு பேரு வெச்சிருக்காங்க. தமிழ்ல சொன்னா எண்ணெய்க் கறைதான். உலகத்துலயே இதை ஒழுங்கா எழுதினது நீங்க ஒருத்தர்தான்.

— நீ சொல்றது ஒண்ணும் வெளங்கல சார். நான் வண்டியை இன்னா பண்ணட்டும்?

— கடைக்குப் போகாதீங்க பாய். கீழயே நிறுத்துங்க. நாங்க ரெண்டு பேரும் வர்றோம்.

— வண்டிக்காரன் கத்துவானே.

— டீ வாங்கிக் குடுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க.

— சரி பாப்பா... சாரைப் பாத்துக்கோ. மொகம் நல்லாவே இல்ல.

— போயிட்டாரு. எந்திரிங்க. மூஞ்சி கழுவிட்டு வாங்க, போகலாம்.

— எங்க?

— கடைக்கு. போர்டு ஏறக் கூடாது. ஆபீசர் வர்றதுக்கு முன்னாடி அப்பாகிட்ட சொல்லணும்.

— என்னால ஆகாது ஜெயா. அஸ்ஸாம் பக்கம் மாத்தல் கேட்டு வாங்கிக்கிறேன். நீ பின்னாடி வந்து சேரு.

— அஸ்ஸாம்ல மாமனார் கிடையாதுன்னா?

— அந்த மனுஷன் மூஞ்சில எப்படி முழிப்பேன்? பழத்தட்டோட போய் நின்னிருக்காரே. காஞ்சிபுரத்துல தறி பக்கத்துல உக்காந்திருக்காரே. வயசான காலத்துல என்னால ஊர் சிரிக்கப் போகுது.

— ஊர் சிரிக்கிறது சாயங்காலம்தான். இப்ப போனா அவரு ஒருத்தர்தான் திட்டுவாரு. அதை வாங்கிக்கலாம்.

— நீ சொல்லு. சுலபமா சொல்ற.

— ஆமா, நான்தான் சொல்லப்போறேன். நீங்க வாயே திறக்க வேண்டாம். பின்னாடி நின்னா போதும்.

— என்னன்னு சொல்லுவ?

— தப்பு என்னோடதுன்னு. தீபாவளிக்கு மறுநாள் நீங்க ட்ரங்க் கால்ல ஷோ இருக்குன்னுதான் சொன்னீங்க, எண்ணெய் இருக்குன்னு சொல்லல. நான் விவரம் கெட்டவ, இங்கிலீஷ் வார்த்தை புரியாம எண்ணெயே வந்துடுச்சுன்னு கடைல வந்து கத்திட்டேன்னு சொல்றேன். பொம்பளைப் புள்ளைன்னு ரெண்டு திட்டுத் திட்டி விட்டுடுவாரு. சேலையை வேற பேர்ல வித்துக்கலாம். களிமண் கலர் எல்லாருக்கும் பிடிக்கத்தான் செய்யுது.

— ...அப்படிச் சொன்னா நம்புவாரா?

— ஏன் நம்ப மாட்டாரு.

— சரி... அப்படித்தானே நடந்துச்சு. நீ தெரியாமத்தானே சொன்ன.

— ...

— ஜெயா?

— மூஞ்சி கழுவுங்க. நேரமாச்சு.

— தெரியாமத்தானே சொன்ன?

— இல்ல. ஷோன்னா என்னன்னு எனக்குத் தெரியும். கல்யாணமான புதுசுல அடையார் பீச்சுல உக்காந்து நீங்களே சொன்னீங்க. வெறும் தடம், பத்துல ஒண்ணு தேறினா அதிகம்னு. போன்ல நீங்க அந்த வார்த்தையைச் சொன்ன உடனே எனக்கு அது ஞாபகம் வந்துச்சு.

— அப்புறம் ஏன்...

— தலைதீபாவளிக்கு வந்த தங்கபுஷ்பம் புருஷன் அன்னிக்குக் கடைல இருந்தாரு. அப்பா அவரைக் கல்லாவுல உக்கார வெச்சு ஊரையே கூப்பிட்டுக் காட்டிக்கிட்டிருந்தாரு. ஒருத்தர் என்னைப் பாத்து, "பெரிய மாப்ள வரலியா, பங்க்குல லீவு குடுக்கலியா"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சிரிச்சுட்டு நிக்கிறப்பத்தான் உங்க போன் வந்துச்சு. உங்களை நினைச்சு எனக்கு வெக்கமா இருந்துச்சுங்க. மூணு வருஷமாவே இருந்துச்சு. இப்ப அதை உங்ககிட்ட சொல்றதுக்குத்தான் செத்துடலாம் போல இருக்கு. போனை வெச்சதும் கடைக்குள்ள போய், எங்க வீட்டுக்காரர் எண்ணெய் கண்டுபிடிச்சிட்டாருன்னு எல்லார் காதுலயும் விழுற மாதிரி சொன்னேன். அப்பா கூட்டத்தை விலக்கிட்டு எங்கிட்ட வந்தாரு. அப்புறம் என் தலைல கை வெச்சாரு. திட்டுங்க. இந்த லாட்ஜுல நீங்க ஒளிஞ்சு கிடக்கிறதுக்குக் காரணம் நான்தான். நீங்க சொன்னது உண்மை, அதை ஊதிப் பெருசாக்கினது நான். ஏதாவது பேசுங்களேன்.

— நான் அந்த போனைக் கடை நம்பருக்கு ஏன் போட்டேன்? அன்னிக்கு உங்க வீட்டுல எல்லாரும் கடையிலதான் இருப்பாங்கன்னு எனக்குத் தெரியும். கல்லாவுல யார் உக்காந்திருப்பாருன்னும் தெரியும். நீ அதை எண்ணெயாக்கி உங்கப்பா காதுல போட்டுடுவன்னும் தெரியும்... குழியில அன்னிக்கு ஷோகூட வரல ஜெயா.